முட்டி போடுவதும் முட்டியைப் பிடிப்பதும்

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. உயிரே போனாலும் "எனக்குப் புரியலைங்க" என்ற வாக்கியம் வாயிலிருந்து வராது. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. அதனால் ஓர் ஊரே ஓர் ஆட்டத்தில் தோற்றது. இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என்னால் நிறுத்தவும் முடிவதில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. வீடு சேலத்தில், வேலை நாமக்கல்லில். பெரிய விடுதிப் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியை. அந்த வருட ஆண்டு விழாவில் நான் ஆங்கிலத்தில் வரவேற்புரை ஆற்றினேன். (யாருக்கும் புரியவில்லை என்பதுதான் அந்த உரையின் சிறப்பு.) முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நாமக்கல்லில் கோழிப்பண்ணைகள் வைத்திருப்பவர். எல்லோரும் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். விழா முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், அமெரிக்காக்காரங்க பேசுற இங்கிலீசு உங்குளுக்குப் புரியுமுங்களா?"

"இங்கிலீஷ்னா இங்கிலீஷ்தானே சார்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அது. சொல்லும்போது அது பொய் என்று எனக்கே தெரியாது.

விஷயம் இதுதான். அமெரிக்கன் ஃபுட்பால் என்ற ஆட்டத்துக்கு நம் ஊர்களிலும் ஒரு தொழில்முறைத் தொடர் தொடங்கியிருந்தார்கள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம், ஒப்பந்தம், சீருடை எல்லாம் உண்டு. நான்கு ஊர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன. ஐந்தாவதாக ஓர் அணியைச் சேர்க்கப்போகிறோம் என்று அறிவித்ததும் முதலாளி நாமக்கல்லுக்காகக் கை தூக்கிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"பந்தப் பாத்தீங்களா டீச்சர்? முட்ட மாதிரியே இருக்குது. அப்பறம் அது நாமக்கல்லுக்கு வராம வேற எங்கீங்க போகும்?"

அணிக்குச் 'சேவல் அணி' என்று பெயர் வைத்தார். பயிற்சியாளராக அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்து டக்கர் என்பவரை வரவழைத்தார். கோச் டக்கருக்குத் தமிழ் தெரியாது, பையன்களுக்கு அவர் ஆங்கிலம் பிடிபடாது. நடுவில் நின்று மொழிபெயர்க்க நான். பள்ளியில் ஒரு வருடம் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டேன். (விசில் யாரும் கொடுக்கவில்லை. நானே வாங்கிக்கொண்டது.)

முதல் நாளே தெரிந்துவிட்டது. கோச்சின் ஆங்கிலம் வெல்லப்பாகு மாதிரி. ஒரு சொல் முடியுமுன் அடுத்த சொல்லில் ஒட்டிக்கொண்டு இழுபடும். பத்தில் ஒரு சொல்தான் என் காதில் முழுதாக விழுந்தது. மீதி ஒன்பதை நான் என் சொந்த அறிவால் நிரப்பினேன்.

அன்று மாலை அவர் மைதானத்தின் நடுவில் நின்று "ஹஸில்! ஹஸில்!" என்று கத்தினார். சுறுசுறுப்பாக ஓடுங்கள் என்று அர்த்தம். எனக்கு 'ஹாஸ்டல்' என்று கேட்டது.

"எல்லாரும் ஹாஸ்டலுக்குப் போங்க!" என்றேன்.

மொத்த அணியும் பையைத் தூக்கிக்கொண்டு விடுதியைப் பார்த்து ஓடியது. பயிற்சி சீக்கிரம் முடிந்த சந்தோஷத்தில் அப்படி ஓர் ஓட்டம். கோச் கைதட்டி, என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். அவர்கள் திரும்பி வராததுதான் அவருக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது.

அணியில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தங்கவேல் எங்கள் கேப்டன். பரமத்தி வேலூர்க்காரன், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். கபடியில் மாவட்டம் முழுக்கப் பெயர் வாங்கியவன். பந்தைக் கையில் வாங்கி, யாரிடம் கொடுப்பது, எப்போது ஓடுவது என்று முடிவுசெய்கிற இடம் அவனுடையது. இன்னொருவன் குமரேசன். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நின்றால் அவனே ஒரு லாரி மாதிரித்தான் இருப்பான். எதிரணியை மறித்து நிற்பது அவன் வேலை. அவனை யாரும் நகர்த்தி நான் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் பஞ்சு மாதிரி இருக்கும். எறும்பைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவான்.

இந்த ஆட்டத்தின் விதிகளைச் சொல்லி உங்களைப் படுத்த மாட்டேன். மூன்று விஷயம் போதும். பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கூடுதலாக ஒன்று. கோட்டைத் தாண்ட முடியாமல் தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. எங்களுக்கு இந்த மூன்றில் எதுவுமே கிடைக்கவில்லை. ஏழு ஆட்டம் ஆடினோம். ஏழிலும் பூஜ்யம். நாமக்கல் அணி ஏழு முட்டை வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் பையன்களைப் பார்த்தால், "என்ன தம்பி, இந்த வாரம் எத்தன முட்ட?" என்று விலை விசாரிப்பது போல விசாரிப்பார்கள். தங்கவேல் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவான்.

தோல்விகளுக்கு நான் செய்த தொண்டையும் மறைக்கக் கூடாது. மதுரையில் ஓர் ஆட்டம். முதல் பாதி முடிய சில நொடிகளே இருந்தன. கோச் ஓடி வந்து "ஹெயில் மேரி! ஹெயில் மேரி!" என்று அலறினார். கடைசி முயற்சியாகப் பந்தை வெகுதூரம் வீசிப்பார்ப்பதற்கு அந்த ஆட்டத்தில் அப்படியொரு பெயராம். எனக்கு எப்படித் தெரியும்? நான் சேலத்துக் கத்தோலிக்கப் பெண். ஹெயில் மேரி என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான்.

"எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்ணுங்க, கோச் சொல்றார்!" என்றேன். நானும் கண்ணை மூடி, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினேன். பதினொரு பையன்களும் மைதானத்திலேயே கைகூப்பி நின்றார்கள். குமரேசன் அவன் குலசாமியை வேண்டிக்கொண்டான். நேரத்துக்குள் ஆட்டத்தைத் தொடங்காததற்கு நடுவர் தண்டனை கொடுத்தார். கோச் முதலில் தொப்பியைக் கழற்றினார். பிறகு மெதுவாக மாட்டிக்கொண்டார். இடைவேளையில் எனக்கு அர்த்தத்தை விளக்கினார். அந்த விளக்கமும் எனக்கு முழுதாகப் புரியவில்லை. புரிந்தது போல நன்றாகத் தலையாட்டினேன்.

அப்போதே நான் திருந்தியிருக்க வேண்டும்.

கடைசி ஆட்டம் எங்கள் ஊரில். எதிரணி கோயம்புத்தூர். நாமக்கல் கல்லூரி மைதானம் ஒன்றில் ஏற்பாடு. இவ்வளவு தோற்ற அணியைப் பார்க்க யார் வருவார்கள் என்று நினைத்தேன். ஊரே வந்திருந்தது. லாரி பட்டறைக்காரர்கள், பண்ணை ஆட்கள், பரமத்தி வேலூரிலிருந்து தனி பஸ் பிடித்து வந்த தங்கவேலின் சொந்தக்காரர்கள், என் பள்ளிக்கூடப் பிள்ளைகள். "ஒரு பாயிண்ட் எடுத்துருங்க சாமி, அது போதும்" என்று ஓர் அம்மாள் தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து தங்கவேலின் கன்னத்தைத் தடவிச் சொன்னதை நான் கேட்டேன்.

பையன்கள் அன்று ஆடிய ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செறிகிறது. கோயம்புத்தூர்க்காரர்களால் எங்கள் கோட்டைத் தாண்ட முடியவில்லை. தூரத்திலிருந்து இரண்டு முறை உதைத்து ஆறு புள்ளி எடுத்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவது கால்பகுதியில் கோச் என்னிடம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னார். "ரன்."

"தங்கவேலு, ஓடு!" என்றேன். அந்த வருடத்தில் நான் சரியாக மொழிபெயர்த்த முதல் கட்டளை அது.

ஓடினான். குமரேசன் முன்னால் வழியை உடைத்துக்கொண்டு போக, லாரிக்குப் பின்னால் போகிற சைக்கிள் போல அவன் ஒட்டிக்கொண்டே போனான். குமரேசன் இரண்டு பேரைச் சேர்த்து மறித்து நின்றதும் தங்கவேல் பக்கவாட்டில் விலகினான். அப்புறம் ஆடியது சுத்தமான கபடி. ஒருவன் இடுப்பைப் பிடிக்க வந்தான், இடுப்பு அங்கே இல்லை. இன்னொருவன் காலுக்குப் பாய்ந்தான், கால் அங்கே இல்லை. கோட்டைத் தாண்டியதும் என்ன செய்வதென்று தெரியாமல் பந்தைக் கட்டிக்கொண்டு நின்றான். பிறகு பட்டறைக்காரர்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

"முட்ட ஒடஞ்சிருச்சுடா!"

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. முதலாளி நாற்காலி மேல் ஏறி நின்றார். உதைத்த பந்தும் கம்பங்களுக்கு நடுவே போனது. ஏழுக்கு ஆறு. வாழ்க்கையிலேயே முதல்முறையாக நாங்கள் முன்னிலையில் இருந்தோம்.

அந்த முன்னிலையைக் கடைசி நிமிடம்வரை விடவில்லை. ஆட்டம் முடிய இருபது நொடி. கோயம்புத்தூர்க்காரன் வீசிய பந்து யாரோ ஒருவனின் தலைக்கவசத்தில் பட்டுத் தெறித்து, குமரேசனின் மார்பில் விழுந்தது. அவன் அதைக் கோழி முட்டையை அணைப்பது போல அணைத்துக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டான். கடிகாரத்தை நிறுத்தினார்கள். பந்து எங்களுடையது.

இந்த நிலையில் ஜெயிப்பதற்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். பந்தை வாங்கி, அப்படியே ஒரு முட்டி போட்டுத் தரையில் உட்கார்ந்தால் போதும். கடிகாரம் ஓடி முடிந்துவிடும். அதைத்தான் கோச் சொன்னார். ஆனால் இந்த வித்தையை அவர் அதுவரை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிற அணிக்கு மட்டுமே தேவைப்படுகிற வித்தை அது. எங்களுக்கு அந்தத் தேவை வந்ததே இல்லையே!

தங்கவேலின் தோளில் கையைப் போட்டு, கண் கலங்க, மிக நிதானமாகச் சொன்னார். "டேக் எ நீ, சன். ஜஸ்ட் டேக் எ நீ."

அந்த வருடம் முழுவதிலும் அவர் பேசியதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக என் காதில் விழுந்தது அந்த ஒரு தடவைதான். 'டேக்' என்றால் எடு, பிடி. 'நீ' என்றால் முழங்கால். இதற்கு எம்.ஏ. கூடத் தேவையில்லை.

"முட்டியப் பிடிங்க!" என்றேன்.

தங்கவேல் விழித்தான். "ஆரு முட்டியங்க டீச்சர்?"

"எதிர்ல நிக்கிறவன் முட்டியத்தான். உன் முட்டியவா பிடிக்கச் சொல்வார்?"

குமரேசன் மெதுவாக, "அது ஃபவுல் ஆயிருமுங்களே டீச்சர்" என்றான். "மொத மேட்சுல அப்பிடிப் புடிச்சதுக்குத்தானுங்களே கொடிய எறிஞ்சாங்க?"

இங்கேதான் நான் நிறுத்தியிருக்க வேண்டும். கோச்சிடம் திரும்பி, "புரியலை, இன்னொரு முறை சொல்லுங்க" என்று கேட்க எனக்கு மூன்று நொடி ஆகியிருக்கும். அதற்குப் பதிலாக நான் இலக்கணப் பாடம் எடுத்தேன்.

"கோச்சுக்குத் தெரியாத ரூலா உங்களுக்குத் தெரியும்? ரெண்டு முட்டியையும் பிடிச்சாத்தான் ஃபவுல். அவர் 'எ நீ'ன்னு சொல்றார். 'எ'ன்னா ஒருமை. ஆளுக்கு ஒரு முட்டி. ஒண்ணே ஒண்ணு."

"செரிங்க டீச்சர்" என்றான் குமரேசன். அவனுக்கு என்மேல் நெம்ப மரியாதை.

ஆட்டம் தொடங்கியது. தங்கவேல் பந்தை வாங்கினான். சாமி முன்னால் தேங்காயை வைப்பது போல அதைப் பத்திரமாகப் புல்லில் வைத்தான். பிறகு பதினொரு பேரும் ஆளுக்கு ஒரு கோயம்புத்தூர் முட்டியைக் குறிவைத்து ஒரே நொடியில் பாய்ந்தார்கள். கபடிக்காரன் பிடி! நான்கைந்து பேர் நின்ற இடத்திலேயே சாய்ந்தார்கள். ஒருவன் "அய்யோ!" என்று அலறியது கூட்டத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. நடுவர்கள் தங்களிடம் இருந்த மஞ்சள் கொடிகளையெல்லாம் எறிந்தார்கள். ஒருவர் கொடி தீர்ந்துபோய்த் தொப்பியை எறிந்தார்.

எதிரணியில் ஒருவன் மட்டும் வெகு பின்னால் நின்றிருந்தான். அவனைப் பிடிக்கப் போனவன் பாதி வழியில் தடுக்கி விழுந்துவிட்டான். அந்தக் கோயம்புத்தூர்க்காரன் முன்னால் வந்தான். புல்லில் கேட்பாரில்லாமல் கிடந்த பந்தைப் பார்த்தான். நடுவரைப் பார்த்தான். மறுபடி பந்தைப் பார்த்தான். எடுத்தான். நடந்தான். யாரும் ஒன்றும் சொல்லாததால் ஓட ஆரம்பித்தான். அவன் கோட்டைத் தாண்டியபோது ஆட்ட நேரமும் முடிந்திருந்தது.

பன்னிரண்டுக்கு ஏழு. தோற்றுவிட்டோம்.

முதலில் குமரேசனின் குரல்தான் கேட்டது. அவன் இன்னும் ஒரு முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். "டீச்சர், இன்னுமும் புடிச்சுக்கோணுமுங்களா?"

கோச் மைதானத்துக்குள் ஓடினார். "என்ன செய்தாய்?" என்று தங்கவேலிடம் கேட்டு, தானே ஒரு முட்டி போட்டுக் காட்டினார். எனக்கு அப்போதுதான் அர்த்தம் உறைத்தது. தங்கவேல் என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சாரி கோச். மை மிஸ்டேக்" என்றான். உள்ளூர் கேபிள் சேனல்காரர் மைக்கை நீட்டினார். அதிலும், "தப்பு என்னோடதுங்க. பசங்க நல்லாத்தான் ஆடுனாங்க" என்றான். குமரேசன் பக்கத்தில் வந்து நின்று, "என்னோடதுந்தானுங்க" என்றான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஒருவர்கூட என் பக்கம் கையைக் காட்டவில்லை.

நான் தமிழில் என்ன சொன்னேன் என்று கோச்சுக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இன்றுவரை வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு கணம், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்படியே இருந்துவிடலாமா என்றுதான் நினைத்தேன். ஆனால் 'சாரி' என்று சொல்லும்போது தங்கவேலின் முகவாய் நடுங்கியதைப் பார்த்துவிட்டேன். ஒரு வருடம் டீக்கடையில் தலைகுனிந்த பையன். அன்றுதான் நிமிர்ந்திருந்தான்.

மைக்கை வாங்கினேன். "தப்பு இவங்களோடது இல்ல. முட்டி போடச் சொன்னார் கோச். நான் முட்டியப் பிடிக்கச் சொல்லிட்டேன். ஃபவுல் ஆயிரும்னு குமரேசன் சொன்னான். நான்தான் கேக்கல" என்றேன். அதையே கோச்சிடம் ஆங்கிலத்திலும் சொன்னேன். நான் கற்ற இலக்கிய ஆங்கிலம் எதுவும் கைகொடுக்கவில்லை. எல்.கே.ஜி. பிள்ளை போலச் சொன்னேன்.

கோச் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டேனே என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவர் கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தார். ஏதோ சொன்னார். வழக்கம் போல எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"எனக்குப் புரியலை" என்றேன். "இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்."

சொன்னார். நான் பையன்களிடம் திரும்பி ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன்: "எத்தனையோ வருஷமா பயிற்சி கொடுக்கறேன். சொன்ன சொல்லைப் பதினொரு பேரும் ஒரே நொடியில, ஒருத்தர்கூடத் தயங்காம செஞ்ச டீமை இன்னிக்குத்தான் பாத்திருக்கேன். இந்த டீமுக்குக் கோச்சா இருந்தது எனக்குப் பெருமை."

குமரேசன் சந்தேகமாகப் பார்த்தான். "நெசமாலுமே அப்பிடித்தான் சொன்னாருங்களா டீச்சர்?"

"ரெண்டு தடவை கேட்டுட்டேன்டா" என்றேன்.

அதற்குள் கூட்டம் தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். வந்தவர்கள் தங்கவேலைத் தோளில் தூக்கினார்கள். "ஏழு! ஏழு! ஏழு!" என்று கத்தினார்கள். குமரேசனைத் தூக்க எட்டுப் பேர் முயன்று, முடியாமல், அவனைச் சுற்றி ஆடினார்கள். வென்ற கோயம்புத்தூர்க்காரர்கள் தலைக்கவசங்களைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று, தோற்றது யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி என்னிடம் வந்தார். வேலை போயிற்று என்று தலைகுனிந்து நின்றேன்.

"உடுங்க டீச்சர்" என்றார். "முட்ட ஒடஞ்சிருச்சல்லோ? அடுத்த வருசம் குஞ்சு பொரிச்சுப்போடும்."

பொரித்தது. அடுத்த வருடம் இரண்டாவது ஆட்டத்திலேயே சேலத்தில் வைத்து எங்கள் முதல் வெற்றி. அன்றும் கடைசி நொடிகளில் பந்து எங்களிடம். அன்றும் கோச் அதே மூன்று சொற்களைச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கோட்டோரத்தில், அத்தனை பேர் பார்க்க, நானே ஒரு முட்டி போட்டுக் காட்டினேன். அங்கே தங்கவேல் பந்தோடு முட்டி போட்டான். எழுந்திருக்கும்போது என் சேலையெல்லாம் செம்மண். துவைத்தும் போகவில்லை. போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துச் சேலத்தில் எங்கள் பங்குக் கோவிலில் எனக்குக் கல்யாணம் நடந்தது. சேவல் அணி முழுவதும் அணிச் சட்டையோடு வந்து பின்னால் மூன்று பெஞ்சுகளை நிரப்பியது. பூசையின் நடுவில் ஃபாதர் எங்களைப் பார்த்து, "மணமக்கள் முழங்காலிடவும்" என்றார். பின்னாலிருந்து குமரேசனின் குரல், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு அவன் பேசுகிற குரல், பீடம்வரை வந்தது.

"டீச்சர்! போடோணும், புடிச்சுப்போடாதீங்க!"

கல்யாண வீடியோவில் அது அப்படியே பதிவாகியிருக்கிறது. தாலி கட்டுமுன் மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். மாமியார் வீட்டுச் சொந்தங்களில் பாதிப் பேர் நான் அழுதேன் என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேருக்கு வருடா வருடம் கல்யாண நாளன்று என் கணவர் வீடியோவைப் போட்டு முழுக் கதையையும் சொல்கிறார். போன வருடம் என் ஆறு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொத வருஷம் அந்த மாமாங்க எத்தன மேட்ச் ஜெயிச்சாங்கம்மா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்பறம் ஏன் நீ இப்பிடிச் சிரிக்கிற?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அப்பா அவளிடம் குனிந்து, "அம்மா சொன்னா அப்படியே நம்பிடாத. எதுக்கும் இன்னொரு தடவ கேட்டுக்கோ" என்றார்.